ஊட்டிக்குப் போனால்தான் குடும்ப நேரமா?

‘பிள்ளைகளோடு உட்கார நேரமே இல்லை’ என்று புலம்பாத பெற்றோர் அபூர்வம். அந்தப் புலம்பலில் பாதி, சில தவறான நம்பிக்கைகளால் வருவது.

நம்பிக்கை: அந்தக் காலப் பெற்றோர் பிள்ளைகளோடு அதிக நேரம் செலவிட்டார்கள்.

உண்மை: வீட்டில் இருந்தது வேறு, பிள்ளையோடு இருந்தது வேறு. 11 மேலை நாடுகளின் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு 2016-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. குழந்தைகளுக்காகத் தாய் செலவிட்ட நேரம் 1965-ல் நாளுக்குச் சராசரியாக 54 நிமிடம், 2012-ல் 104. தந்தையின் நேரம் 16-லிருந்து 59 நிமிடமானது. நம் ஊரிலும் அன்று பல பிள்ளைகளைப் பாட்டியும் அத்தையும் தெருவும் சேர்ந்தே வளர்த்தன. பழைய காலத்தோடு ஒப்பிட்டு இன்றைய பெற்றோர் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை.

நம்பிக்கை: பிள்ளைகள் ஏங்குவது கூடுதல் நேரத்துக்கு.

உண்மை: அமெரிக்காவில் ஆய்வாளர் எலன் கலின்ஸ்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம், பெற்றோரின் வேலை தங்களைப் பாதிக்கும் விதத்தில் ஒன்றே ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டார். 1999-ல் அவர் வெளியிட்ட நூலின்படி, அதிகம் பேர் விரும்பியது அம்மாவும் அப்பாவும் களைப்பும் டென்ஷனும் குறைந்து வீடு திரும்புவதைத்தான். அம்மாவோடு கூடுதல் நேரம் கேட்டவர்கள் பத்தில் ஒருவரே. ஆகவே வீட்டுக்குள் நுழைந்ததும் ‘ஹோம்வொர்க் முடிச்சியா?’ என்று தொடங்காதீர்கள். முகம் கழுவி, ஒரு டீ குடித்து, அலுவலகத்தை இறக்கிவைத்துவிட்டுப் பேச உட்காருங்கள்.

நம்பிக்கை: ஊட்டி, மால், பொருட்காட்சி என்று தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும்.

உண்மை: கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாக ஆய்வாளர்கள், கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் 32 குடும்பங்களின் அன்றாட வாழ்க்கையை வீடியோ எடுத்தார்கள். வீட்டு வேலை, பயணம் போன்ற சாதாரணப் பொழுதுகளிலேயே நெருக்கமான தருணங்கள் பிறக்கின்றன என்று அதையொட்டி 2007-ல் வந்த கட்டுரை காட்டியது. கீரை ஆயும்போது, துணி மடிக்கும்போது, டியூஷனுக்கு வண்டியில் கூட்டிப்போகும்போது கிடைக்கும் பேச்சும் குடும்ப நேரம்தான். திட்டம் ஒன்றே ஒன்று வேண்டும்: அந்நேரம் போன் கையில் இருக்கக் கூடாது.

நம்பிக்கை: தினமும் சேர்ந்து சாப்பிடாவிட்டால் பயனில்லை.

உண்மை: 17 ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல் வந்த ஓர் அலசல், வாரத்தில் 3 வேளையாவது குடும்பத்தோடு உண்ணும் பிள்ளைகளிடம் சத்தான உணவுப் பழக்கம் கூடுதலாக இருப்பதைக் கண்டது. இரவு ஷிப்ட் இருந்தால் காலை இட்லியைச் சேர்ந்து சாப்பிடலாம். எந்த 3 வேளை என்பதை வாரத் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.

நம்பிக்கை: பிள்ளை வளர்ந்தபின் நாம் தேவையில்லை.

உண்மை: ஆய்வாளர் மெலிசா மில்கி குழுவினரின் 2015 ஆய்வு இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. 3 முதல் 11 வயது வரை, தாய் எத்தனை மணி நேரம் உடனிருந்தார் என்பதற்கும் பிள்ளையின் படிப்பு, நடத்தை, மனநலம் ஆகியவற்றுக்கும் தெளிவான தொடர்பு தென்படவில்லை. பதின்ம வயதிலோ பெற்றோர் இருவரும் ஈடுபாட்டோடு சேர்ந்து செலவிட்ட நேரம், குறைவான நடத்தைச் சிக்கல்களோடு தொடர்புடையதாக இருந்தது. நாமோ பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ வந்ததும் ‘பரீட்சை முடியட்டும்’ என்று முதலில் குறைப்பது இந்த நேரத்தைத்தான். கதவை மூடிக்கொள்ளும் வயதில்தான் அடிக்கடி தட்ட வேண்டும்; அதுவும் மதிப்பெண் கேட்பதற்காக அல்ல.

நம்பிக்கை: அதெல்லாம் அம்மா பார்த்துக்கொள்வாள்.

உண்மை: நம் நாட்டின் 2024 தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டாரைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபடுகிறார்கள், ஆண்களில் 21.4 சதவீதம். அவ்வாறு ஈடுபடும் பெண் நாளுக்கு 140 நிமிடம் செலவிடுகிறார். ஆண் 74 நிமிடம். சமையலும் பாத்திரமும் தனிக்கணக்கு. இத்தனையும் முடித்து உட்காரும் அம்மாவிடம், பிள்ளைகள் விரும்பும் அந்தக் களைப்பில்லாத முகத்தை எப்படி எதிர்பார்ப்பது? குடும்பத்துக்கு நேரம் ஒதுக்க நினைக்கும் அப்பா இன்றிரவு பாத்திரம் தேய்ப்பதிலிருந்து தொடங்கலாம். பக்கத்தில் பிள்ளையையும் நிறுத்திக்கொண்டால் இன்னும் நல்லது.