பழைய பொறியியற் படையினர் சட்டையை இனங்காணல்

முற்காலத்தில் சென்னைச் சேனையின் பாளையம் அமைந்திருந்த வாலாஜாபாத்தைச் சூழ்ந்த ஊர்களில், பாட்டனார் அணிந்த சேனைச் சட்டை பெட்டியடியிற் கிடத்தல் கூடும். அஃது யாருடையதென அறிதற்குப் பித்தளைப் பித்தானே முதற் சான்று. களிம்பேறியதென்று அதனை அறுத்துப் பாத்திரக்காரனிடம் போடுவோர் குடும்ப வரலாற்றையே விற்றவராவர்.

பித்தானிலேனும் கழுத்துப்பட்டியிலேனும் தீப்பற்றிய வெடிகுண்டின் உருவம் காணப்படின், அதன் சுடர்களை எண்ணுக. ஒன்பதாயின் ராயல் எஞ்ஜினீயர். ஏழாயின் பீரங்கிப் படையினர். 'எங்கும்' எனப் பொருள்படும் 'உபிக்வே' என்ற இலத்தீன் மொழி இருவர்க்கும் உரியதாகலின், அதனை மட்டும் நோக்குவார் மயங்குவர்.

பின்னர் முடியைக் காண்க. வளைவுகள் நடுவில் தாழ்ந்திருப்பின் விக்டோரியா ராணியார் காலம். உயர்ந்து கவிந்திருப்பின் 1901-க்குப் பிற்பட்டது. 1950 முதல் முடியின் இடத்தில் அசோகச் சிங்கங்கள் நின்றன. முடியை முன்னர் நோக்குதற்குக் காரணம் உண்டு. தோளில் இரு விண்மீன் உடையவர் 1902-க்குமுன் காப்டன், அதன்பின் லெப்டினண்டே. காலந் தெரியாது பதவியைத் துணிதல் இயலாது.

1780-இல் சென்னையில் இரு பயனீர் கம்பெனிகளாகத் தோன்றி, 1831-இல் 'ஸாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ்' எனப் பெயர்பெற்ற நம் படையின் வீரரைத் 'தம்பி' என்றழைப்பது வழக்கம். செங்கற்பட்டு ஜில்லாக் கீழொட்டிவாக்கத்துச் சுபேதார் சுப்பிரமணியம் அப்படையினரே. 1944 பிப்ரவரி 24-இல் இத்தாலியில், வெடிக்கவிருந்த கண்ணிவெடிமீது வீழ்ந்து தோழரைக் காத்து உயிர் நீத்தார். அதற்கென அளிக்கப்பட்ட ஜார்ஜ் சிலுவையின் கருநீல நாடாவை அவர் மார்பு அணிந்ததில்லை.