நூறு மீட்டரை எங்கிருந்து அளப்பது?

கேள்வி: குடிமல்லத்தில் பரசுராமேஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் அப்பா காலத்து ஓட்டு வீடு எங்களுக்கு இருக்கிறது. நாலரை சென்ட். நான் ஏர்பேட்டில் கடை வைத்திருக்கிறேன். ஐஐடியும் ஐசரும் வந்த பிறகு இந்தப் பக்கம் வாடகை ஏறிக்கொண்டே போகிறது. ஓட்டு வீட்டை இடித்து, கீழே நாங்கள், மேலே மூன்று மாடி வாடகைக்கு என்று தம்பி மேஸ்திரியிடம் பேசி முடித்துவிட்டான். தொல்லியல் துறை விடாது என்கிறார்கள் ஊரில். ஒரு கோயிலுக்காக ஊரே வளராமல் நிற்க வேண்டுமா ஐயா?
– ஒரு வாசகர், ஏர்பேடு

பதில்: நல்லவேளை, இடிப்பதற்கு முன்னால் எழுதினீர்கள். இடித்துவிட்டு எழுதுபவர்கள்தான் அதிகம். உங்கள் வீடு எந்த வட்டத்துக்குள் வருகிறது என்று தெரியாமல் ஓர் ஓட்டைக்கூட இறக்காதீர்கள்.

தொல்லியல் சின்னங்களைக் காக்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010ல் வந்த திருத்தம் இரண்டு வட்டங்களைப் போட்டது. முதல் 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி. அடுத்த 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. ஊரில் டேப் பிடிப்பவர்கள் கருவறைச் சுவரிலிருந்து பிடிக்கிறார்கள். அது தப்பு. பாதுகாக்கப்பட்ட இடத்தின் எல்லை எங்கே முடிகிறதோ, அங்கிருந்துதான் கணக்கு. அந்த எல்லை மதில் சுவராகவும் இருக்கலாம், அதைத் தாண்டியும் இருக்கலாம். ஆகவே சர்வேயரை வைத்து, சர்வே எண்ணும் வரைபடமும் பார்த்து அளந்துகொள்ளுங்கள். இருபது மீட்டர் வித்தியாசத்தில் உங்கள் தலையெழுத்தே மாறும்.

100 மீட்டருக்குள் என்றால் புதுக் கட்டடம் கிடையாது. இடித்துவிட்டு மறுபடி கட்டுவதும் கிடையாது. ஆனால் 1992 ஜூன் 16க்கு முன்பே நின்ற வீடானால், அனுமதி வாங்கிப் பழுது பார்க்கலாம், புதுப்பிக்கலாம். இற்றுப்போன உத்தரத்தை மாற்றலாம், ஓடு மாற்றலாம். அதற்குச் சாட்சி உங்கள் அப்பா கட்டிய வீட்டு வரி ரசீது. பரணில் தேடுங்கள். கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் விழுந்தால், இதற்கென்று நியமிக்கப்பட்ட தகுதி அதிகாரியின் அனுமதியோடு புதிதாகவே கட்டலாம். எத்தனை மாடி என்பது அந்த உத்தரவில் வரும். சட்டத்தில் எழுதியிருக்கிறபடி விண்ணப்பம் 15 நாளில் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்துக்குப் போகவேண்டும், 2 மாதத்தில் பரிந்துரை, அடுத்த 1 மாதத்தில் முடிவு. நடைமுறையில் அலையவேண்டியிருக்கும். அதற்குப் பயந்து ராத்திரியோடு ராத்திரியாகக் கான்கிரீட் போட்டால் 2 வருடம் வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

இனி, ஊர் வளர வேண்டாமா என்ற உங்கள் கோபத்துக்கு வருகிறேன். அதில் பாதி நியாயம். நாட்டில் 3,600க்கு மேற்பட்ட மத்திய அரசுச் சின்னங்கள். தாஜ்மகாலுக்கும் அதே 300 மீட்டர், வயலோரம் கிடக்கும் ஓர் ஆங்கிலேயர் கல்லறைக்கும் அதே 300 மீட்டர். இதைச் சீர்செய்யச் சொல்லி நாடாளுமன்றக் குழுவே 2023ல் அறிக்கை கொடுத்தது. ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித்தனித் துணைவிதி எழுதவேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அந்த வேலைதான் நத்தை வேகத்தில் நகர்கிறது. குடிமல்லத்துக்கு அது இன்னும் வரவில்லை என்றால், எழுதித் தரும்படி கிராம சபையில் தீர்மானம் போட்டு அனுப்புங்கள். ஒற்றை ஆளாக அலுவலகப் படி ஏறுவதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

மீதிப் பாதியில் உங்களோடு எனக்கு ஒப்பில்லை. குடிமல்லம் லிங்கம் கி.மு. காலத்தது என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். 1911ல் தொல்லியல் அறிஞர் கோபிநாத ராவ் கவனித்துச் சொன்னது. 1973ல் அங்கே அகழாய்வும் நடந்தது. சுவாமியைப் பார்க்கப் படி இறங்கித்தான் போகவேண்டும், கருவறை அவ்வளவு தாழ்வு. பக்கத்தில் சுவர்ணமுகி ஆறு. 2005 டிசம்பரில் கருவறைக்குள் தண்ணீர் வந்ததை உங்கள் தெருப் பெரியவர்களே சொல்வார்கள். இப்படிப்பட்ட இடத்தில் மாடியின் உயரம் எனக்கு இரண்டாவது கவலைதான். நாலரை சென்டில் நாலு குடித்தனம் என்றால் நாலு குளியலறை, நாலு கழிப்பறை, ஒரு செப்டிக் டேங்க், ஒரு போர். பாதாளச் சாக்கடை இல்லாத தெருவில் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே சிமெண்ட் ரோடு போடுவதும் இதில் சேர்த்தி. தெரு அரையடி உயர்ந்தால் மழைத் தண்ணீர் தாழ்வான கோயிலைத்தான் தேடிப் போகும். பஞ்சாயத்தில் இதை யாராவது கேட்டிருக்கிறார்களா?

பழைய கட்டடத்தில் சேதம் மெல்லத்தான் சேரும். காளஹஸ்தி ராஜகோபுரம் நினைவிருக்கும். கிருஷ்ணதேவராயர் 1516ல் எழுப்பியது, 2010 மே 26 இரவு சரிந்தது. விரிசல் ஒரே நாளில் வந்ததல்ல. இன்று அங்கே நிற்பது புதுக் கோபுரம்.

வாடகைக் கணக்கையும் கொஞ்சம் ஆற அமரப் போடுங்கள். ஐஐடி, ஐசர் மாணவர்கள் வளாக விடுதியில் தங்குகிறவர்கள். வெளியே வீடு தேடுவது ஊழியர்களும், ஒப்பந்த வேலைக்கு வருகிறவர்களும், கடைகண்ணி வைக்க வருகிறவர்களும். அவர்களுக்கு பஸ்ஸும் ரயிலும் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும். அது ஏர்பேடு மெயின் ரோட்டில் இருக்கிறது, குடிமல்லத்தில் இல்லை. நாலு மாடியோ ஐந்து மாடியோ எழும்பவேண்டிய இடம் அதுதான், அங்கே இந்த வட்டங்களின் தொல்லையும் இருக்காது. உங்கள் கடை சொந்த இடம் என்றால், முறையாகப் பிளான் அப்ரூவல் வாங்கி அதன்மேல் மாடி எடுப்பது கைகூடுமா என்று தம்பியோடு பாருங்கள். ஊர் வீட்டைப் பழுது பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்களா என்று எழுதவில்லையே. கொடுக்கவில்லை என்றால், சர்வேயர் அளந்து முடிக்கும்வரை கொடுக்கவேண்டாம்.