நாயும் பூனையும் நம்மோடு வர

ஊரிலிருந்து புதிதாகக் குடிவரும் உறவினர்கள் நம்மிடம் கேட்கும் கேள்விகளில் வீடு, பள்ளிக்கூடம், குளிர் உடுப்பு ஆகிய எல்லாவற்றுக்கும் நம்மிடம் விடை உண்டு. ஒரு கேள்விக்கு மட்டும் நான் திணறினேன். சித்தூர் மாவட்டம் ராமகுப்பத்திலிருந்து என் அண்ணன் மகள் தொலைபேசியில் கேட்டாள்: "சித்தப்பா, எங்க மூணு பேருக்கும் டிக்கெட் பத்திப் பேசறீங்களே, கறுப்பனுக்கு?"

கறுப்பன் அவர்கள் வீட்டு நாட்டு நாய். அண்ணனுக்கு ஐரோப்பாவில் வேலை உத்தரவு வந்தது ஜனவரியில். சேர வேண்டியது மார்ச்சில். நாயை அழைத்து வர இரண்டு மாதம் போதும் என்றே நாங்கள் எல்லோரும் நினைத்தோம். போதவில்லை. ஏன் என்பதே இன்றைய பாடம்.

காரணம் ஒரு நோய்

நாய்க்கும் பூனைக்கும் நாடுகள் விதிக்கும் சட்டங்களில் பெரும்பகுதி வெறிநாய்க்கடி நோயை (ரேபிஸ்) ஒட்டியவை. இந்நோயின் கிருமி கடிவாயிலிருந்து நரம்பு வழியே மூளைக்குச் செல்கிறது. போய்ச் சேரும்வரை வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. அதற்குப் பெரும்பாலும் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் ஆகும். அறிகுறி தோன்றிய பின் காப்பாற்றுவது அரிது. ஆகவே இன்று நலமாகத் துள்ளும் நாயைப் பார்த்து மட்டும் எந்த நாடும் நம்பிவிடாது.

முன்பு இதற்கு ஒரே வழி, வந்திறங்கிய விலங்கை அடைத்து வைப்பது. இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்குச் சென்ற நாய் 2012 வரை ஆறு மாதம் தனிமைக் கூடத்தில் இருக்க வேண்டியிருந்தது. இப்போது அந்தக் காத்திருப்பு புறப்படும் ஊருக்கே மாறிவிட்டது. கூண்டில் கழிக்க வேண்டிய நாள்களை நம் வீட்டுத் திண்ணையிலேயே கழிக்கலாம். ஆனால் முன்கூட்டியே தொடங்க வேண்டும்.

வரிசை மாறக் கூடாது

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு இந்தியாவிலிருந்து வரும் நாய், பூனை இரண்டுக்கும் வரிசை இது:

1. மைக்ரோசிப். அரிசி மணியளவுள்ள இது தோலுக்கடியில் ஊசியால் செலுத்தப்படும். இதில் 15 இலக்க எண் இருக்கும்.
2. அதன் பிறகு ரேபிஸ் தடுப்பூசி. ஒரே நாளில் போடலாம். சிப் முந்த வேண்டும். குட்டிக்கு 12 வாரம் நிறைந்திருக்க வேண்டும்.
3. தடுப்பூசி போட்டு 30 நாளாவது கழிந்தபின் இரத்தப் பரிசோதனை. ஒன்றியம் ஏற்றுக்கொண்ட ஆய்வகத்தில் எதிர்ப்பாற்றல் மில்லிலிட்டருக்கு 0.5 அலகு அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும்.
4. இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதக் காத்திருப்பு. இரத்தம் எடுக்குமுன் நோய் தொற்றியிருந்தால் அது பெரும்பாலும் இக்காலத்துக்குள் வெளிப்பட்டுவிடும்.
5. புறப்படுமுன் அரசுக் கால்நடை மருத்துவ அதிகாரியின் நலச்சான்றிதழ். வழங்கிய நாளிலிருந்து பத்து நாளுக்குள் ஒன்றிய எல்லையில் காட்ட வேண்டும். மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு நிலையங்கள் சென்னையிலும் பெங்களூரிலும் உள்ளன.

ஒரு கணக்கு: ஜனவரி 10 அன்று சிப்பும் ஊசியும் என்றால், இரத்தம் எடுப்பது பிப்ரவரி 9. அங்கிருந்து மூன்று மாதம், மே 9. குறைந்தது நான்கு மாதம் ஆயிற்று. ஆறு மாதம் இருந்தால் நெஞ்சு படபடக்காது.

எங்கள் தவறு

கறுப்பனுக்கு ஆண்டுதோறும் ஊசி போட்டிருந்தோம், அட்டையும் இருந்தது. ஆனால் அப்போது சிப் இல்லை. ஊசி போட்டது இந்த நாய்க்குத்தான் என்பதற்கு அத்தாட்சி ஏது? பழைய ஊசிகள் கணக்கில் வரவில்லை. ஜனவரியில் சிப் வைத்து, மறுபடி ஊசி போட்டு, முதலிலிருந்து தொடங்கினோம்.

அண்ணன் மார்ச்சில் தனியே வந்தார். இங்கும் ஒரு விதி உண்டு: சொந்த விலங்காக வர வேண்டுமானால், உரிமையாளர் பயணத்துக்கு ஐந்து நாள் முன்போ பின்போ அது வந்தாக வேண்டும். தவறினால் வணிகச் சரக்குக்கான விதிகள் பொருந்தும். அதனால் அண்ணியின் பெயரில் தாள்களை எழுதினோம். மகளின் ஆண்டுத் தேர்வு முடிந்து, மே மாதம் கறுப்பனோடு தாயும் மகளும் பெங்களூரில் விமானம் ஏறினார்கள்.

கூண்டு

விமானக் கூண்டில் நாய் நிற்கவும், திரும்பவும், நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும். அளவெடுக்கும் முறை எளிது. மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை ஒரு நீளம்; அதோடு தரையிலிருந்து முழங்கை வரையுள்ள உயரத்தில் பாதியைச் சேர்த்தால் கூண்டின் நீளம். தோள் அகலம் இரண்டு மடங்கானால் கூண்டின் அகலம். நிற்கும்போது தலை அல்லது காது நுனி வரையுள்ள உயரத்தோடு விரிப்பின் கனத்தைக் கூட்டினால் கூண்டின் உயரம். மூக்கு சப்பையான இனங்களுக்கு இன்னும் பெரிதாக வேண்டும். அவற்றுக்கு மூச்சுத் திணறும் ஆபத்தும் அதிகம்.

கூண்டைச் சில வாரம் முன்பே வாங்கித் திண்ணையில் திறந்து வையுங்கள். பழைய போர்வையை உள்ளே போட்டு, சோறும் அங்கேயே வையுங்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டாம். உயரத்தில் அது மூச்சையும் இதயத்தையும் பாதிக்கலாம்.

பிற நாடுகள்

பிரிட்டனுக்கும் இதே மூன்று மாதக் கணக்குத்தான். நாய்க்குக் கூடுதலாக, சென்று சேர்வதற்கு ஒன்று முதல் ஐந்து நாள் முன்பு நாடாப்புழு மருந்து வேண்டும். அமெரிக்கா 2024 ஆகஸ்ட் 1 முதல் விதியை இறுக்கியது: இந்தியாவில் ஊசி போட்ட நாய்க்கு ஆறு மாத வயது, சிப், ஊசிச் சான்று, முன்பதிவு ஆகியவை தேவை, ஏற்கத்தக்க இரத்தப் பரிசோதனை இல்லையேல் 28 நாள் தனிமை. ஆஸ்திரேலியாவுக்கு இந்தியாவிலிருந்து நேராகச் செல்ல இயலாது. விதிகள் மாறக்கூடியவை, தொடங்குமுன் அந்த நாட்டின் தூதரகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

எல்லோரும் வரத்தான் வேண்டுமா?

அதே வீட்டில் வயதான பூனை ஒன்றும் இருந்தது. அது ஆளைவிட வீட்டைப் பற்றி வாழ்ந்தது. சிப்பும் இரத்தமும் விமானமும் அதற்கு வேண்டாம் என்று அண்ணி முடிவு செய்தார். "ஆயா தனியா இருப்பாங்களே, அது அங்கேயே இருக்கட்டும்" என்றாள் மகள். முதுமை, இதய நோய் உள்ள விலங்கை விட்டுவருவது கைவிடுவதாகாது. பொறுப்பான ஒருவரிடம், தடுப்பூசி அட்டையோடும் செலவுக்குப் பணத்தோடும் ஒப்படைத்தால் போதும். தெருவில் விடுவதுதான் கைவிடுவது.

பயிற்சி

1. ஜூன் 1 அன்று சிப்பும் ஊசியும் போட்ட பூனை, எந்த நாளுக்குப் பின் ஐரோப்பாவுக்கு வரலாம்?
2. ஊசி முன்பும் சிப் பின்பும் நிகழ்ந்தால் என்ன செய்ய வேண்டும்?
3. உங்கள் வீட்டு நாயை அளந்து கூண்டின் அளவைக் கணக்கிடுக.

ஊரிலிருந்து யாரேனும் புறப்படுவதாகச் சொன்னால், டிக்கெட்டைப் பற்றிக் கேட்குமுன் வீட்டில் நாய், பூனை உண்டா என்று கேளுங்கள். உண்டென்றால், இன்றே சிப் வைக்கச் சொல்லுங்கள்.