பாம்பன் தீவில் கடல் நோக்குவோர்க்கு

இராமேசுவரம் முதலிய பாம்பன் தீவின் ஊர்களில் வாசம் செய்வோர்க்கு, வடக்கே பாக் நீரிணையும் தெற்கே மன்னார் வளைகுடாவுமாக இரு கடல்கள் வீட்டருகிலேயே வாய்த்திருப்பதால், எப்பருவத்தில் எக்கரையை நாடுவது என்னும் விவேகமே முதற்கண் வேண்டற்பாலது. கச்சான் காற்று ஓங்கி வீசும் ஜூன் முதலிய மாதங்களில் தென்கடல் கொந்தளிக்க, மீனவர் பெண்கடல் என்றழைக்கும் வடகடல் பெரும்பாலும் சாந்தமாயிருக்கும். வாடைக் காலத்திலோ நிலைமை தலைகீழாகும். அலையடங்கிய பரப்பில்தான் ஓங்கிலின் முதுகுத் துடுப்பு எளிதில் கண்ணுக்குத் தட்டுப்படும்.

சூரியன் முதுகுப்புறம் இருக்குமாறு, காலையில் மேற்கையும் மாலையில் கிழக்கையும் நோக்கி அமர்தல் நன்று. மிகையாகப் பெருக்கும் தொலைநோக்கி, கை நடுக்கத்தையும் சேர்த்தே பெருக்குமாதலால், 7 அல்லது 8 மடங்கே போதும். தொலைநோக்கி வழியே சூரியனை ஒருபோதும் நோக்கலாகாது. முதலில் வெறுங்கண்ணால் கடலை நிதானமாக நோக்கி, ஆலாப் பறவைகள் ஓரிடத்தில் வட்டமிட்டு நீரில் பாயக் கண்டால், அங்கே மீன்கூட்டம் உண்டென்றறிந்து கருவியைத் திருப்புக.

குளிர்காலத்தில் கோதண்டராமர் கோயிலை அடுத்த ஆழமற்ற நீரில், அலகைத் தலைகீழாகத் தோய்த்து இரைதேடும் பூநாரைகளின் காட்சிக்கு ஈடான சௌந்தரியம் இத்தீவில் வேறில்லை என்பது என் துணிபு. அருகிற் சென்று கலைக்காமல் பாதையிலிருந்தே காண்க.

ஆமைக்குஞ்சுகள் ஒளியை நோக்கியே நகரும் இயல்பின. ஆதலால், அவை பொரிந்து வெளிவரும் மாதங்களில் கடலைப் பார்த்த விளக்குகளை இரவில் அணைத்துவிடுங்கள்.