லிங்க்ட்இன் ரிக்வெஸ்ட் குவிகிறதா? 13 பயனுள்ள குறிப்புகள்

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் உருவானது. அன்றிலிருந்து எஸ்டேட்டில் எத்தனையோ பேருக்குத் தெரிந்தவர் சொல்லித்தான் வேலை கிடைத்திருக்கிறது. "நம்ம பையன்தான், நல்லா வேலை பார்ப்பான்" என்று ஒரு ஃபோர்மேன் சொன்னால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. இன்று அந்தச் சிபாரிசில் ஒரு பங்கு லிங்க்ட்இனுக்குப் போய்விட்டது. கல்லூரி முடிக்கும் பிள்ளைகள், பிரசவத்துக்குப் பிறகு வேலைக்குத் திரும்பும் பெண்கள், சின்னப் பட்டறை வைத்திருப்பவர்கள் என எல்லோர் போனிலும் ‘கனெக்ட்’ ரிக்வெஸ்ட் குவிகிறது.

யாரை ஏற்பது, யாரை விடுவது என்று குழம்ப வேண்டாம். ஒருவரை நம் பட்டியலில் சேர்ப்பது, அவருக்காக ஜாமீன் கையெழுத்துப் போடுவது மாதிரி. ‘இவருக்கு அவரைத் தெரியும்’ என்று நம் பெயரைப் பார்த்துத்தான் நம் நண்பர்களும் சக ஊழியர்களும் அவரை நம்புவார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளவற்றைச் செய்து பாருங்கள்.

1. வாரம் ஒருமுறை போதும். ரிக்வெஸ்ட் வந்தவுடன் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ‘மை நெட்வொர்க்’ பகுதியில் வந்தவை, நாம் அனுப்பியவை இரண்டும் தனித்தனியாக இருக்கும். பஸ்ஸில் நின்றுகொண்டோ, சமையலுக்கு நடுவிலோ அவசரமாக ‘அக்செப்ட்’ அழுத்தினால்தான் தவறான ஆள் உள்ளே வந்துவிடுகிறார்.

2. மூன்று கேள்விகள் கேளுங்கள். இவரை எனக்குத் தெரியுமா? என் தொழிலோ படிப்போ ஊரோ இவருக்குப் பொதுவா? எதற்காக இணைய விரும்புகிறார் என்று எழுதியிருக்கிறாரா? மூன்றுக்குமே ‘இல்லை’ என்றால் விட்டுவிடுங்கள். ஒன்றுக்காவது ‘ஆம்’ என்றால் அடுத்த குறிப்பில் சொல்லும் சோதனையைச் செய்யுங்கள்.

3. கணக்கின் வயதைப் பாருங்கள். அவருடைய பக்கத்தில் ‘மோர்’ பொத்தானை அழுத்தினால் ‘அபவுட் திஸ் ப்ரொஃபைல்’ என்று வரும். கணக்கு எந்த மாதம், எந்த ஆண்டு தொடங்கியது என்பது அதில் தெரியும். இருபது வருட ஹெச்.ஆர். அனுபவம் என்று போட்டிருப்பவர் போன மாதம்தான் கணக்கு தொடங்கியிருந்தால் உஷாராகிவிடுங்கள். பெயருக்குப் பக்கத்தில் சரிபார்ப்புக் குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தியாவில் டிஜிலாக்கர் வழியாக அடையாளத்தைச் சரிபார்க்கும் வசதி உண்டு. ஆனால் அந்தக் குறி ஆள் யார் என்பதற்குத்தான் சான்று, அவருடைய நோக்கத்துக்கு அல்ல.

4. பொது நண்பர்களை மட்டும் நம்பாதீர்கள். ‘பன்னிரண்டு பேர் பொது நண்பர்கள்’ என்று காட்டினாலும், அந்தப் பன்னிரண்டு பேரும் யோசிக்காமல் ஏற்றவர்களாக இருக்கலாம். அவர்களில் நன்றாகத் தெரிந்த ஒருவருக்குப் போன் போட்டு, "இவரை நேரில் தெரியுமா?" என்று கேளுங்கள். "தெரியாது, வந்தது, போட்டேன்" என்று பதில் வந்தால் அந்த எண்ணிக்கைக்கு மதிப்பில்லை.

5. ‘இக்னோர்’ செய்யத் தயங்காதீர்கள். நாம் இக்னோர் செய்தது அனுப்பியவருக்கு அறிவிப்பாகப் போகாது. அதனால் அவர் மனம் புண்படுமோ என்ற கவலை வேண்டாம். அதன்பின் ‘இவரை எனக்குத் தெரியாது’ என்ற தெரிவு வந்தால் அதையும் அழுத்துங்கள். அவர் மறுபடி ரிக்வெஸ்ட் அனுப்ப முடியாது. தொல்லை கொடுப்பவராக இருந்தால் ‘பிளாக்’ செய்துவிடுங்கள், அதுவும் அவருக்கு அறிவிக்கப்படாது.

6. ‘ஃபாலோ’ போதுமா என்று யோசியுங்கள். பெரிய நிறுவனத் தலைவர்கள், பேச்சாளர்கள், வேலைச் செய்தி பகிர்பவர்கள் எழுதுவதைப் படிக்க மட்டும் விரும்பினால் ‘ஃபாலோ’ போதும். கனெக்ஷன் ஆகிவிட்டால் நேரடியாகச் செய்தி அனுப்பலாம். பொதுவாக நம் இமெயிலும் நட்புப் பட்டியலும்கூட அவருக்குத் தெரியும்.

7. நீங்கள் அனுப்பும்போது இரண்டு வரி எழுதுங்கள். வெறும் ரிக்வெஸ்ட் யாருக்கும் நினைவில் நிற்காது. இப்படி எழுதலாம்: "வணக்கம் சார். அம்பத்தூர் ஐ.டி.ஐ.யில் டர்னர் முடித்தேன். சி.என்.சி.யில் ஓராண்டு அனுபவம். உங்கள் ஆபரேட்டர் வேலைப் பதிவைப் பார்த்தேன்." வேலைக்குத் திரும்பும் பெண்கள் இப்படி: "வணக்கம் மேடம். அக்கவுன்ட்ஸில் ஆறு வருடம், பிறகு குழந்தைக்காக இடைவெளி. ஜி.எஸ்.டி. வேலை தேடுகிறேன்." இடைவெளியை மறைக்க வேண்டாம், நேராகச் சொன்னால் மரியாதைதான் கூடும். இலவசக் கணக்கில் இப்படிக் குறிப்பு எழுதும் வாய்ப்பு மாதத்துக்குச் சில முறைதான் கிடைக்கும், எழுத்து அளவும் குறைவு. முக்கியமானவர்களுக்கு அதைப் பத்திரப்படுத்துங்கள்.

8. பதில் வராதவற்றைத் திரும்பப் பெறுங்கள். மாதக்கணக்கில் கிடக்கும் ரிக்வெஸ்ட்களை ‘வித்ட்ரா’ செய்யலாம். ஆனால் திரும்பப் பெற்ற பிறகு அதே நபருக்கு மூன்று வாரம் வரை மறுபடி அனுப்ப முடியாது. ஆகவே பட்டியலைப் பார்த்து, நிதானமாக நீக்குங்கள்.

9. பட்டறைக்காரர்கள் டிராயிங்கில் கவனமாக இருங்கள். எஸ்டேட்டிலும் திருமழிசையிலும் ஜாப் வொர்க் எடுப்பவர்களுக்கு ‘பர்ச்சேஸ் மேனேஜர்’ என்று ரிக்வெஸ்ட் வருவது நல்ல வாய்ப்பாகவும் இருக்கலாம். ஏற்பதற்கு முன் அந்த நிறுவனத்தின் ஜி.எஸ்.டி. எண்ணைக் கேட்டு, ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். நிறுவனத்தின் லேண்ட்லைனுக்கு நீங்களே அழைத்து, அப்படி ஒருவர் அங்கே வேலை பார்க்கிறாரா என்று விசாரியுங்கள். ‘சாம்பிள் வேலை காட்டுங்கள்’ என்றால் நீங்கள் செய்த பாகத்தின் படத்தைக்கூட அந்த வாடிக்கையாளரைக் கேட்காமல் அனுப்பாதீர்கள். கஸ்டமர் டிராயிங் வெளியே போனால் பல வருட ஆர்டர் ஒரே நாளில் போய்விடும். போனில் உள்ள எல்லா எண்களையும் ‘சிங்க்’ செய்யும் வசதியை அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் தவறுதலாக ஒரு பொத்தானை அழுத்தியதும் வெண்டர்கள் அத்தனை பேருக்கும் ரிக்வெஸ்ட் போய்விடக்கூடும்.

10. ஆவடி பாதுகாப்புத் துறைக் குடும்பங்களுக்கு. டேங்க் ஃபாக்டரி என்று நாம் சொல்லும் கனரக வாகனத் தொழிற்சாலை, சி.வி.ஆர்.டி.இ. ஆய்வகம், படை உடைத் தொழிற்சாலை, விமானப்படை நிலையம் எல்லாம் ஆவடியில் இருக்கின்றன. இங்கே வேலை செய்பவர்களும் ஓய்வு பெற்றவர்களும் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். பிரிட்டனின் எம்.ஐ.5 உளவு அமைப்பு 2021 ஏப்ரலில் ஓர் எச்சரிக்கை விடுத்தது. அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 10,000 பிரிட்டன் குடிமக்களைப் பகை நாடுகளுக்காகப் போலிக் கணக்குகள் அணுகியிருந்தன என்றது. ஆலோசகர் வேலை, கட்டுரைக்குச் சன்மானம், வெளிநாட்டுக் கருத்தரங்கு என்றுதான் இப்படிப்பட்ட பேச்சு தொடங்கும். பதவியின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எந்தப் பிரிவு, எந்தத் திட்டம் என்பதை எழுத வேண்டாம். யாராவது துருவிக் கேட்டால் அலுவலகப் பாதுகாப்புப் பிரிவுக்குச் சொல்லிவிடுங்கள்.

11. மோசடிப் பேச்சின் வரிசையைத் தெரிந்துகொள்ளுங்கள். ஏற்றவுடன், "உங்கள் ப்ரொஃபைல் எங்கள் கம்பெனிக்கு ரொம்பப் பொருத்தம்." மறுநாள், "வாட்ஸ்அப் நம்பர் கொடுங்கள், ஹெச்.ஆர். பேசுவார்." அடுத்து, நேர்முகத் தேர்வே இல்லாமல் லெட்டர்ஹெட்டில் ஆஃபர் லெட்டர். கடைசியாக, "லேப்டாப்புக்கு டெபாசிட் கட்டுங்கள், முதல் சம்பளத்தோடு திருப்பித் தருவோம்." நல்ல நிறுவனம் வேலை கொடுக்கப் பணம் கேட்காது. பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி வைக்கும் வாய்ப்பு அதிகம். தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் புகாரைப் பதியலாம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் 2022 ஜனவரியில் தொடங்கிய ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ் வருகின்றன. நேரில் போவதென்றால் அங்கே போகலாம். பேச்சுகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஏமாந்த பிள்ளையைத் திட்டாதீர்கள். பயத்தில் அவன் மறைத்தால் நேரம்தான் வீணாகும்.

12. வெளிநாட்டு வேலை என்றால் ஒரு படி மேலே சோதியுங்கள். தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் மியான்மரில் அடைக்கப்பட்டு, ஆன்லைன் மோசடி வேலை செய்ய வைக்கப்பட்டதும் 2022-ல் மீட்கப்பட்டு ஊர் திரும்பியதும் நம் கண்முன்னே நடந்தவை. ஆள் எடுக்கும் ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் பார்க்கலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரிக்கலாம். சுற்றுலா விசாவில் போய் வேலை பாருங்கள் என்று சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

13. மூன்று அமைப்புகளை இன்றே மாற்றுங்கள். ‘செட்டிங்ஸ்’ பகுதியில் யார் ரிக்வெஸ்ட் அனுப்பலாம் என்பதை, நம் இமெயில் தெரிந்தவர்கள் மட்டும் என்று வைக்கலாம். வேண்டாத செய்திகளால் அவதிப்படும் பெண்களுக்கு இது நல்ல நிம்மதி. நட்புப் பட்டியலை மற்றவர்கள் பார்க்காதபடி மறைக்கலாம். இமெயில் யாருக்குத் தெரிய வேண்டும் என்பதையும் குறைக்கலாம். அப்படியே பழைய பட்டியலில் அடையாளம் தெரியாதவர்களை நீக்கிவிடுங்கள், அவர்களுக்கு அறிவிப்புப் போகாது.

இப்படிச் சலித்த பிறகு மிஞ்சுபவர்கள் கொஞ்சம் பேராக இருந்தாலும், அவர்களோடு பேசுங்கள். ஏற்றவுடன் ஒரு வரி நன்றி சொல்லுங்கள். உங்கள் கம்பெனியில் ஃபிட்டரோ அக்கவுன்டன்ட்டோ தேவை என்றால் அவர்களுக்கு முதலில் தெரியப்படுத்துங்கள். தெரிந்த பையனைப் பற்றி உண்மையாக நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள். முன்பின் தெரியாத ஆயிரம் பேரைவிட, நம் பெயரைச் சொன்னதும் போனை எடுக்கும் ஐம்பது பேர் வேலை தேடும் நாளில் கைகொடுப்பார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே உங்கள் வீட்டுப் பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து, இருவர் பட்டியலையும் ஒன்றாகப் பாருங்கள்.