முதலில் எது? லினக்ஸில் ஒரு சுழல் சிக்கல்

கேமரன் மலைக்கு வந்தால் தேயிலைத் தொழிற்சாலையைப் பார்க்காமல் போகாதீர்கள். இங்குள்ள போ தோட்டம் 1929-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. தொழிற்சாலையில் வேலை ஒரே திசையில் நடக்கும். கொழுந்தை முதலில் வாட்டுவார்கள். பிறகு சுருட்டல், ஆக்சிஜனேற்றம், உலர்த்தல், தரம் பிரித்தல் என்று வரிசையாகச் செல்லும். வாட்டாத இலையைச் சரியாகச் சுருட்ட முடியாது. ஒவ்வொரு வேலையும் அதற்கு முந்திய வேலையைச் சார்ந்திருக்கிறது.

லினக்ஸ் கணினியிலும் இப்படிப்பட்ட வரிசை உண்டு. 1993-இல் தொடங்கிய டெபியன் லினக்ஸில் மென்பொருள்கள் தனித்தனிப் பொதிகளாக வரும். ஒவ்வொரு பொதியிலும் ‘எனக்கு இன்னின்ன பொதிகள் தேவை’ என்ற பட்டியல் இருக்கும். இதற்குச் சார்பு என்று பெயர். நிறுவும் நிரல் அந்தப் பட்டியலைப் படித்து, தேவைப்படுவதை முதலில் அமைக்கும்.

வட்டம் எங்கே வருகிறது?

லிப்சி என்பது ஏறக்குறைய எல்லா நிரல்களும் பயன்படுத்தும் அடிப்படை நூலகம். லிப்ஜிசிசி என்பது இன்னொரு துணை நூலகம். நினைவகத்தில் இடம் ஒதுக்குவது போன்ற வேலைகளுக்கு லிப்ஜிசிசி லிப்சியை அழைக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வேலையை நடுவில் நிறுத்தும்போது லிப்சி லிப்ஜிசிசியை அழைக்கிறது. அதனால் டெபியனில் இவ்விரு பொதிகளும் ஒன்றையொன்று கேட்கின்றன. இதுவே சுழல் சார்பு. அப்படியானால் எதை முதலில் நிறுவுவது?

நான் செய்த தவறு

இதைப் புரிந்துகொள்ளாத காலத்தில், வட்டத்தை அறுக்கலாம் என்று எண்ணி, என் பழைய மடிக்கணினியில் லிப்சியைக் கட்டாயப்படுத்தி நீக்கினேன். அடுத்த நொடியே கோப்புகளைப் பட்டியலிடும் சிறு கட்டளைகூட ஓடவில்லை. அதைத் திரும்ப நிறுவலாம் என்றால், நிறுவும் நிரலுக்கும் லிப்சிதான் வேண்டும்! மாணவர்களின் மதிப்பெண் கோப்புகளை மீட்பதற்குள் ஒரு வார இறுதி முழுதும் போய்விட்டது.

வேலையைப் பிரித்தால் வழி பிறக்கும்

டெபியனின் டிபிகேஜி நிரல் இந்த வட்டத்தை அவிழ்க்க எதையும் நீக்குவதில்லை. நிறுவுதலை இரண்டு படிகளாகப் பிரிக்கிறது. முதல் படியில் பொதியைப் பிரித்து, கோப்புகளை உரிய இடத்தில் வைக்கிறது. இரண்டாம் படியில் அவற்றை இயங்கும்படி அமைக்கிறது. சாதாரணச் சார்பு இரண்டாம் படியைத்தான் கட்டுப்படுத்தும். ஆகவே இரண்டு பொதிகளையும் தடையின்றிப் பிரித்து வைத்துவிடலாம்.

அடுத்து, அமைக்கும்போது எதிலிருந்து தொடங்குவது? சில பொதிகளுக்குக் கோப்புகளை வைத்த பிறகு ஓட்டவேண்டிய அமைவுக் கட்டளைகள் இருக்கும், சிலவற்றுக்கு இருக்காது. கட்டளை இல்லாத பொதிக்குக் காத்திருக்கவேண்டிய வேலையே இல்லை. டிபிகேஜி வட்டத்தை அந்த இடத்தில் திறக்கிறது. டெபியனிலிருந்து பிறந்த உபுண்டுவும், சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இதே முறையைப் பின்பற்றுகின்றன.

தாய்ச்செடியும் கம்பைலரும்

ஜிசிசி என்ற கம்பைலரை உருவாக்கவும் ஒரு கம்பைலர் வேண்டும். ஏற்கெனவே உள்ள ஒரு கம்பைலரைக் கொண்டு புதியதை ஒருமுறை உருவாக்குகிறார்கள். பிறகு அந்தப் புதியதைக் கொண்டே அதை மீண்டும் உருவாக்குகிறார்கள். தோட்டத்தில் தாய்ச்செடியின் துண்டை நட்டுப் புதுச்செடி வளர்ப்பதும், அதுவே பின்னர் தாய்ச்செடியாவதும் இது போன்றதுதான். வட்டம் போலத் தெரிந்தாலும், உண்மையில் அது பழையதிலிருந்து புதியதற்குச் செல்லும் படிக்கட்டு.

எனவே, ‘எது முதலில்?’ என்று திகைக்கும்போது எதையும் பிடுங்கி எறியாதீர்கள். வேலையைச் சிறு படிகளாகப் பிரித்துப் பாருங்கள். எந்தப் படி யாருக்கும் காத்திருக்கவில்லையோ, அங்கிருந்து தொடங்குங்கள்.

சிந்தித்துப் பாருங்கள்: ‘அ’வுக்கு ‘ஆ’ தேவை, ‘ஆ’வுக்கு ‘இ’ தேவை, ‘இ’க்கு ‘அ’ தேவை. ‘இ’க்கு மட்டும் அமைவுக் கட்டளை இல்லை. மூன்றையும் எந்த வரிசையில் அமைக்கலாம்? அம்புக்குறிகள் வரைந்து கண்டுபிடியுங்கள்.

விடை: இ, ஆ, அ.