கூடைப்பந்தாட்டத்தில் திறமையை அளக்கும் முறை

இந்திய ஆடவர் கூடைப்பந்துக் குழு ஒலிம்பிக் பந்தயத்தில் ஆடியது இதுகாறும் ஒரே தடவை; 1980-ஆம் ஆண்டு, மாஸ்கோ நகரில். ஆங்குச் சோவியத் ஒன்றியத்தாரோடு பொருதபோது நம்மவர் ஈட்டிய புள்ளிகள் 65. எதிரிகள் ஈட்டியவை 121. பின்னர் 2014-இல், சீனாவின் வூஹான் நகரில் நடைபெற்ற ஆசியக் கோப்பைப் போட்டியில், நம் குழுவினர் சீனரை அவர்தம் மண்ணிலேயே வென்றனர். அன்றும் நம்மவர் ஈட்டியவை 65 புள்ளிகளே. சீனர் ஈட்டியவை 58. ஒன்று பெருந்தோல்வி, மற்றொன்று நம் நாட்டுக் கூடைப்பந்து வரலாற்றில் மறத்தற்கரிய வெற்றி. இரண்டிலும் எண் ஒன்றே. ஆயின், நம்மவருடைய தாக்குதல் அவ்விரு நாளிலும் ஒரே தரத்ததாயிருந்தது என்று கொள்ளலாமோ? புள்ளிகளை மட்டும் நோக்குவார்க்கு இவ்வினாவிற்கு விடை கிடையாது.

எம்மூராகிய சிறுவாச்சூரைச் சுற்றிலும் சின்னவெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் பயிரிடுவோர் மிகுதி. ஒருவர், “இவ்வாண்டு நூறு மூட்டை எடுத்தேன்” என்று பெருமை கூறுவாராயின், கேட்போர் உடனே வினவுவது, “எத்தனை ஏக்கரில்?” என்பதே. எழுத்தறியாத முதியவருங்கூட இவ்வினாவை மறப்பதில்லை. ஆனால் அம்முதியவருடைய பேரன் ஆடுகளத்தினின்று திரும்பி, “இன்று நான் 24 புள்ளிகள் எடுத்தேன்” என்றால், வீட்டார் எல்லாரும் மகிழ்வரேயன்றி, எத்தனை ஏக்கரில் என்று ஒருவரும் கேளார்.

கூடைப்பந்தில் அந்த ஏக்கர் யாது? ஒரு குழுவினர் கைக்குப் பந்து வந்தது முதல் அஃது எதிர்க்குழுவினர் கைக்கு மாறுமளவும் உள்ள காலமே அது. இதற்கு ஆட்டக்காரரிடையே நிலைபெற்ற தமிழ்ப்பெயர் இல்லாமையின், ‘முறை’ என்று ஈண்டு வழங்குவேன். தமிழ் மாணவன் ஒரு பெயர் இட்டுக்கொள்வதை ஆட்டக்காரத் தோழர்கள் பொறுப்பார்களாக.

இம்முறை என்பது ஆட்டம் பிறந்த அன்றே அமைந்ததன்று. 1891-இல் அமெரிக்க நாட்டு ஸ்பிரிங்ஃபீல்டில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியாசிரியராயிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் இவ்வாட்டத்தை வகுத்தார். அச்சங்கத்தின் வாயிலாகவே அது நம் நாட்டிற்கும் வந்தது. 1920-இல் ஹாரி குரோ பக் என்பார் சென்னையில் நிறுவிய உடற்பயிற்சிக் கல்லூரி அதனைப் பரப்பப் பெருந்துணை செய்தது. தொடக்க காலத்தில், கூடையிற் பந்து விழுந்தவுடன் அதனை நடுவட்டத்திற்குக் கொண்டுவந்து மேலே எறிவர். புள்ளி பெற்றவரே மீண்டும் பந்தைக் கைப்பற்றுதலும் கூடும். 1937-ஐ ஒட்டி அமெரிக்காவில் அவ்வழக்கம் கைவிடப்பட்டது. அதன்பின், புள்ளி கொடுத்தவரே அடுத்துப் பந்தைப் பெறுவர் என்றாயிற்று. ஆகவே முறைகள் மாறி மாறி வருகின்றன. எந்த ஆட்டத்திலும் இரு குழுவினர்க்கும் ஏறக்குறைய ஒரே அளவு முறைகளே கிட்டுகின்றன. மாஸ்கோவில் நம்மவர்க்கும் சோவியத்தார்க்கும் கிடைத்த முறைகள் ஏறத்தாழச் சமமே. எனவே, முறைக்கு முறை நம்மவர் ஈட்டியது அவர் ஈட்டியதிற் பாதியளவே என்று துணியலாம். ஆனால் மாஸ்கோவின் 65-ஐயும் வூஹானின் 65-ஐயும் நேர்நிறுத்தி ஒப்பிடுதல் ஏலாது. இரண்டு வயல்களின் பரப்பு வேறு.

ஆட்டம் முடிந்தபின் ஸ்கோர் ஷீட்டிலிருந்தே முறைகளைக் கணக்கிட வழியுண்டு. கூடை நோக்கி எறிந்த எறிகளை எண்ணுக. தவறிய பந்தைத் தம்மவரே மீட்ட ரீபவுண்டுகளைக் கழிக்க. ஏனெனின் ஆண்டு முறை முடியவில்லை. எறியாமலே பறிகொடுத்தவற்றைக் கூட்டுக. ஃப்ரீ த்ரோக்களை 0.44-ஆற் பெருக்கிக் கூட்டுக. அவை பெரும்பாலும் இரண்டிரண்டாக வருவன. சில, விழுந்த கூடையோடு ஒட்டி ஒற்றையாக வருவன. ஆதலின் ஒவ்வொன்றும் அரை முறைக்குச் சற்றுக் குறைவாகவே கொள்ளப்படும். ஒரு குழு 72 எறிகள் எறிந்து, 12 ரீபவுண்டுகளை மீட்டு, 15 தடவை பந்தைப் பறிகொடுத்து, 12 ஃப்ரீ த்ரோக்கள் பெற்றது என்று வைத்துக்கொள்வோம். 72-இல் 12 போக 60; 15 கூட்ட 75; 5.28 கூட்ட ஏறத்தாழ 80 முறைகள். அக்குழு 70 புள்ளிகள் பெற்றிருப்பின், நூறு முறைக்கு 87 புள்ளிகள் ஆகின்றன. வேறொரு குழு அதே 70 புள்ளிகளை 65 முறைகளிற் பெறுமாயின், நூற்றுக்கு 108. விரைந்தோடும் முதற்குழுவைக் கண்டு கைதட்டுவோர் மிகுதி. மெல்ல ஆடும் இரண்டாங்குழுவின் தாக்குதலே சிறந்தது.

குழுவை அளத்தல் இவ்வளவில் எளிது. ஒரு தனி ஆட்டக்காரனை அளக்கப் புகுங்காலே இடர்கள் தோன்றுகின்றன.

உலகக் கூட்டமைப்பின் போட்டிகளில் ‘எஃபிஷியன்ஸி’ என்றோர் எண் வழங்குகின்றது. ஒருவன் பெற்ற புள்ளி, ரீபவுண்டு, அசிஸ்ட், ஸ்டீல், பிளாக் ஆகியவற்றைக் கூட்டி, தவறிய எறிகளையும் தவறிய ஃப்ரீ த்ரோக்களையும் பறிகொடுத்த பந்துகளையும் கழித்தால் வருவது அது. மேற்கூறிய பேரன், இரண்டு புள்ளி எறிகள் 26 எறிந்து 10-ஐக் கூடையிலிட்டு, 6 ஃப்ரீ த்ரோக்களில் 4 பெற்று, 6 தடவை பந்தைப் பறிகொடுத்தான் எனக் கொள்க. ரீபவுண்டு 4, அசிஸ்ட் 2, ஸ்டீல் 1. கூட்டினால் 31, கழிப்பன 24, எஞ்சுவது 7. அவன் தோழனொருவன் 7 எறிகளே எறிந்து, மூன்று புள்ளிக் கூடை இரண்டும் இரண்டு புள்ளிக் கூடை மூன்றுமாக 12 புள்ளிகள் பெற்று, ஒரு தடவையே பந்தை இழந்தான். ரீபவுண்டு 5, அசிஸ்ட் 4, ஸ்டீல் 1. அவன் எண் 19. ஊரார் தோளில் தூக்குவது 24 எடுத்தவனை.

இவ்வளவில் இவ்வெண் நன்றே செய்தது. ஆனால் இதனுள் ஒரு பொல்லாங்கு மறைந்துள்ளது. இரண்டு புள்ளி எறி விழுந்தால் இரண்டு கூடும். தவறினால் ஒன்றே கழியும். ஆகவே மூன்றில் ஒன்றுக்குச் சிறிது மிகுதியாக விழுந்தாலே போதும். எறிய எறிய எண் ஏறும். 20 எறிந்து 7 மட்டும் விழுந்தால், 14-இல் 13 போக ஒன்று இலாபம். குழுவோ 20 எறிகளுக்கு 14 புள்ளிகளே கண்டது. அவன் கணக்கு வளர்கின்றது; குழுவின் கணக்குத் தேய்கின்றது. அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஹாலிஞ்சர் அமைத்த ‘பி.இ.ஆர்.’ என்னும் அளவை ஆடிய நிமிடங்களையும் ஆட்டத்தின் வேகத்தையும் கருதி, நடுத்தர ஆட்டக்காரனுக்கு 15 என வகுப்பது. ஆயினும் மிகுதியாக எறிவார்க்குச் சாய்கிறது என்னும் குற்றச்சாட்டு அதன்மீதும் உண்டு. நிமிடங்களைக் கருதியதொன்று மெச்சத்தக்கது. எம்மூர் மதுரகாளியம்மன் கோயில் வாரத்தில் திங்களும் வெள்ளியுமே வழக்கமாகத் திறக்கப்படுவது. அதன் வாரக்கூட்டத்தை எழுநாளும் திறந்த கோயிலோடு ஒப்பிடுவார், திறந்த நாட்களால் வகுத்தன்றோ ஒப்பிடல் வேண்டும்?

நிற்க. 19 எண் பெற்ற தோழனுக்கே இனி எல்லாப் பந்தையும் கொடுப்போம் என்று ஒரு பயிற்சியாசிரியர் துணிவாராயின், அதுவும் பிழையாம். எதிரிகள் இருவராய் மூவராய்ப் பேரனைச் சூழ்ந்தமையாலன்றோ தோழன் தடையின்றி நின்று எறிந்தான்? அவனுக்கு 26 எறிகள் கொடுத்தால் அவனையுஞ் சூழ்வர். அவன் எண் அவ்வாறே நிற்குமென்பதற்கு உறுதியில்லை. டீன் ஆலிவர் என்பார் 2004-இல் வெளியிட்ட நூலில், ஒருவன் குழுவின் முறைகளில் எத்துணைப் பங்கைச் செலவிடுகின்றான் என்பதையும் அவனது திறத்தோடு சேர்த்தே நோக்கல் வேண்டுமென்று காட்டினார். தனித்தனி எண்களைக் கூட்டினால் குழு வாராது.

இஃது ஏட்டுச் சர்க்கரையன்று. எம் பக்கத்துப் பிள்ளைகட்கு விளையாட்டு விடுதியில் ஓர் இடமோ, கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் இடமோ கிடைப்பது குடும்பத்தின் நிலையையே மாற்றவல்லது. தேர்வாளர் புள்ளியையே எண்ணுகின்றனர் என்று அறிந்த பிள்ளை, தேர்வு நாளன்று தோழனுக்குப் பந்து கொடுப்பதில்லை. எதிரியை மறித்துத் தோழனுக்கு வழிவிடும் பிள்ளைக்கோ ஸ்கோர் ஷீட்டில் ஒரு கட்டமும் இல்லை.

அவனையும் காணும் வழியொன்று உண்டு. அதற்கு வேண்டுவன ஒரு நோட்டுப் புத்தகமும் இரண்டு மாணவருமே. ஒருவர் முறைகளையும் அவற்றில் வந்த புள்ளிகளையும் கோடிட்டு வருக. மற்றவர், களத்தில் நிற்கும் ஐவர் யாவரென்று ஆள் மாறுந்தோறும் குறித்து வருக. ஒருவன் களத்திலிருந்தபோது குழு நூறு முறைக்கு எத்தனை பெற்றது, பலகையில் அமர்ந்திருந்தபோது எத்தனை பெற்றது என்பது அதனால் விளங்கும். ஓராட்டத்தைக் கொண்டு முடிவு கட்டலாகாது. அவன் அமர்ந்திருந்த இருபது முறைகளில் நெடுந்தூர எறி மூன்று தற்செயலாய் விழுந்தாலே 9 புள்ளிகள் கணக்கைப் புரட்டிவிடும். ஒரு பருவம் முழுதும், ஆட்டந்தவறாது, எழுதுதல் வேண்டும். அவனோடு உடனாடிய நால்வர் பெயரையும் அருகே எழுதுதல் அதனினும் வேண்டும்.